பொய்யென்றால் அழித்துவிடலாம்

எங்கள் கம்பெனியில் சம்பளம் ஒருநாள் தள்ளி வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பலகையில் தங்கள் பேர் வரவில்லை என்றால் பொறுக்கமாட்டார்கள். "எல்லாரையும் எழுதுற, என்ன மட்டும் எழுத மாட்டேன்ற. நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று ஏஞ்சலின் முன்னால் போய் நின்ற ஆம்பளைகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவள் அசைந்து கொடுக்கமாட்டாள். உனக்கு ஏற்ற வார்த்தை இன்னும் வரவில்லை, வரும்போது எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தகட்டை அளக்கக் குனிந்துவிடுவாள்.

முதலில் கம்பெனியைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் சீட்டுக்கு அடியில் போகிற இரும்புத் தகடுகளை அடித்து வளைத்துக் கொடுக்கிற இடம். வரிசையாக பிரஸ் மெஷின்கள் நிற்கும். மேலிருந்து ஒரு முறை இறங்கினால் தகடு படிந்துவிடும், நம் காதும் அடைத்துவிடும். நான் திலகவதி, பேக்கிங்கில் இருக்கிறேன். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறேன். ஏஞ்சலின் கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு காலனியிலிருந்து வருகிறாள். மெஷினில் அடித்து வருகிற தகட்டை அளந்து பார்த்து, தேறியது இந்தப் பக்கம், தேறாதது அந்தப் பக்கம் என்று பிரித்து வைப்பது அவள் வேலை. அந்தப் பிரிக்கிற புத்தி ஷிப்ட் முடிந்தாலும் அவளை விடாது. மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

அவளுடைய அம்மா சின்னப்பொண்ணும் அப்பாவும் ஒரு காலத்தில் அடுத்தவர் கழனியில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். சிப்காட் வந்த பிறகு அப்பா லோடு ஏற்றப் போனார். ஏஞ்சலின் பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு கம்பெனி, அதை மூடியதும் இன்னொரு கம்பெனி, கடைசியில் எங்கள் கம்பெனி என்று வந்து சேர்ந்தாள். வீட்டுக்கு மூத்தவள். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று முடிவு பண்ணி, அதைப் பற்றிக் கேட்டவர்களின் வாயை ஒரு வருஷத்துக்குள் அடைத்துவிட்டாள். தங்கை பிரின்சிக்கு மட்டும் நல்ல இடமாகப் பார்த்தாள். அந்த நல்ல இடம் எங்கேயோ இல்லை, எங்கள் கம்பெனியில் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றுகொண்டிருந்த பென்னிதான். வாயைத் திறந்தால் மூட மாட்டான், சோற்றைக் கண்டால் விட மாட்டான், மற்றபடி தங்கமான பையன். எல்லாவற்றையும் அளந்து பார்த்துத்தான் இந்தப் பக்கம் வைத்தாள்.

இங்கிலீஷுக்கும் அவளுக்கும் பெரிய சொந்தமெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க். ஆனால் கையெழுத்து மட்டும் முத்து. காலனி சர்ச் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் வசனம் எழுதுவது சின்ன வயசிலிருந்தே அவள் பொறுப்பு. ஒரு எழுத்து கோணினாலும் முழு வரியையும் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவாள். அதற்குள் உள்ளே பாதி ஆராதனை முடிந்திருக்கும்.

எங்கள் கம்பெனிக்கு எச்.ஆர். அதிகாரியாக துளசிராமன் சார் வந்ததிலிருந்துதான் கதை ஆரம்பம். சென்னைப் பிள்ளை, கண்ணாடி போட்டிருப்பார், கோபமே வராது. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் வட்டமாக நின்று, நேற்று எவ்வளவு அடித்தோம், இன்றைக்கு எவ்வளவு அடிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிற வழக்கம் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறதுதான். அதோடு சேர்த்து தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் கற்றுக்கொள்ளலாம் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. வெள்ளைப் பலகை ஒன்றை வாங்கி மாட்டினார். வார்த்தை, அர்த்தம், அதை வைத்து ஒரு வாக்கியம். முதல் வார்த்தை 'மேக்னானிமஸ்'. பெருந்தன்மையாம். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகை மேல் யாரோ ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் போனார்கள்.

நல்ல கையெழுத்து இருக்கிற ஆளை விட்டு எழுதினால் பார்ப்பார்கள் என்று நினைத்து ஏஞ்சலினைப் பிடித்தார். அன்றைய வார்த்தை 'ரெலக்டன்ட்'. மனசில்லாமல் செய்வது என்று அர்த்தம். புத்தகத்தில் இருந்த வாக்கியத்தில் ஜான் என்று ஒருவன் விருந்தை விட்டுக் கிளம்ப மனசில்லாமல் நிற்கிறான். ஏஞ்சலின் அதைப் படித்துப் பார்த்துவிட்டு மார்க்கரை மூடினாள்.

"இந்த ஜான் யாரு சார்? எந்த லைன்ல கீறான்?"

துளசிராமன் சார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தெரியாத ஆளைப் பற்றி எழுதினால் யாருக்கு மண்டையில் ஏறும் என்று கேட்டுவிட்டு, ஜானை விட்டுவிட்டு, பென்னி கேன்டீனை விட்டுக் கிளம்ப எப்போதும் ரெலக்டன்ட் என்று எழுதினாள். காலையில் வந்தவர்கள் எல்லாரும் பலகை முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாஷ்டா நேரத்துக்குள் அந்த வார்த்தை ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. வேலைக்குக் கூப்பிட்டு வராதவன் ரெலக்டன்ட், எடுத்த லீவுக்குக் கையெழுத்துப் போடாத சூப்பர்வைசர் ரெலக்டன்ட், ஸ்டார்ட் ஆகாத பஸ் ரெலக்டன்ட். யாரும் மனப்பாடம் செய்யவில்லை. யாருக்கும் மறக்கவும் இல்லை.

அதிலிருந்து அவள் கொடி பறக்க ஆரம்பித்துவிட்டது. 'இன்எவிட்டபிள்' என்றால் தவிர்க்கமுடியாதது. ஆடி மாசத்தில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ஊத்துக்கோட்டை பஸ் மாட்டிக்கொள்வது இன்எவிட்டபிள் என்று எழுதினாள். எங்கள் பஸ்ஸில் வருகிற நாங்கள் அதைக் காட்டியே ஆடி முழுக்க லேட்டாக வந்தோம். 'கன்டேஜியஸ்' என்றால் தொற்றிக்கொள்வது. மெயின்டனன்ஸ் பார்க்கிற வரதன் அண்ணனின் கொட்டாவி கன்டேஜியஸ் என்று எழுதினாள். படித்தவர்கள் எல்லாரும் அங்கேயே கொட்டாவி விட்டார்கள். என்னைப் பற்றி ஏதாவது பெருமையாக எழுதுவாள் என்று நானும் காத்துக்கொண்டே இருந்தேன். 'டாக்கட்டிவ்' என்ற வார்த்தை வந்த அன்றைக்கு என் பேரைப் போட்டாள். வாயாடி என்று அர்த்தம். நான் அவளோடு பேசவே இல்லை. மதியம் வரைக்கும் தாக்குப்பிடித்தேன்.

அர்த்தம் ஒன்று, அதை எங்கே சொல்வது என்பது வேறு என்று அவள் சொல்வாள். ஒருநாள் 'ஃப்ரூகல்' என்று வந்தது. சிக்கனம். எங்கள் பிளான்ட் மேனேஜர் பாக்கியநாதன் சார் மீட்டிங் ரூமில் ஏ.சி. போடமாட்டார், அந்த வார்த்தை அவருக்குத்தான் ஒட்டும் என்று எல்லாரும் சொன்னோம். மேனேஜரை எழுதுவதா என்று துளசிராமன் சாருக்கு வியர்த்துவிட்டது. ஏஞ்சலின் அவரிடம் உட்கார்ந்து, இந்த வார்த்தைக்கும் 'மைசர்' என்ற வார்த்தைக்கும் இன்னா வித்தியாசம் என்று விசாரித்தாள். ஃப்ரூகல் மெச்சிச் சொல்வது, மைசர் கஞ்சன் என்று திட்டுவது. அப்படியென்றால் பிரச்சினை இல்லை, ஒன்றைச் சொன்னால் சிரிப்பார், இன்னொன்றைச் சொன்னால் நம்மை வெளியே அனுப்புவார் என்று சொல்லிவிட்டு மெச்சுகிற வார்த்தையை எழுதினாள். பாக்கியநாதன் சார் வந்து படித்தார். சிரித்தார். அன்றைக்கு மட்டும் ஏ.சி. போட்டார்.

இத்தனைக்கும் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. எழுதுகிற வாக்கியம் நிஜமாக இருக்கவேண்டும். பொய் எழுதினால் வார்த்தையும் பொய்யாகப் போய்விடும் என்பாள். எழுதியது பொய் என்று யாருக்காவது தோன்றினால், எல்லாரும் பார்க்க வந்து தன் கையாலேயே துடைத்துவிடலாம். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் நிஜத்தைத் துடைத்தவர் ஷிப்ட் முழுவதற்கும் போண்டா வாங்கித் தரவேண்டும். நிஜமா பொய்யா என்பதைச் சுற்றி நிற்கிறவர்கள் சொல்வார்கள். சர்ச் பலகையில் எழுதிப் பழகியவளுக்கு எழுதின எழுத்தைத் துடைப்பது சின்ன விஷயம் இல்லை.

கொட்டாவி வாக்கியத்தை வரதன் அண்ணன் அன்றைக்கே ரோஷப்பட்டுத் துடைத்தார். நான் கொட்டாவியே விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டே துடைத்தவர், சொல்லி முடிக்கிற நேரத்தில் வாயைப் பிளந்தார். போண்டா கேன்டீனிலிருந்து தட்டு தட்டாக வந்தது. அதற்குப் பிறகு டஸ்டரைத் தொட எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. பாக்கியநாதன் சாருக்கும் இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போய், கம்பெனிக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

இப்போது மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு வருகிறேன். சிரிப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன். ஒன்று இந்தக் கையால், ஒன்று அந்தக் கையால் சேர்த்து அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் மெஷினுக்கு அடியில் கை இருக்காது. அவ்வளவு எளிமையான ஏற்பாடு. மூன்றாம் நம்பரில் இடது பக்கப் பட்டன் பொங்கலுக்கு முன்பே கெட்டுப்போனது. மெஷின் நிற்கக்கூடாது என்று ஒயரை மாற்றிப் போட்டு, வலது பட்டனை மட்டும் அமுக்கினால் ஓடுகிற மாதிரி பண்ணிவிட்டார்கள். புதுப் பட்டன் வருகிற வரைக்கும் என்றார்கள். பட்டன் வந்துவிட்டது. அதை மாட்ட மெஷினை ஒரு நாள் நிறுத்தவேண்டும். ஜனவரியில் ஆர்டர் அதிகம், மார்ச்சில் வருஷக் கணக்கு, மே மாசம் புது மாடல் கார். ஒரு நாள் கிடைக்கவே இல்லை. பட்டன் வரதன் அண்ணனின் அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு தூங்கிக்கொண்டிருந்தது. இதில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லாரும் அடுத்த வாரம் என்று சொன்னார்கள், எல்லாரும் அதை நம்பினோம்.

ஒரு புதன்கிழமை. பென்னி வலது கையால் பட்டனை அமுக்கினான். தகடு கொஞ்சம் நகர்ந்திருந்ததால் இடது கை தானாக அதைச் சரிபண்ணப் போனது. மெஷின் இறங்கிவிட்டது. கைக்குப் பெரிய சைஸ் கிளவுஸ் போட்டிருந்தான், அவன் அளவு ஸ்டோரில் இல்லாத காரணத்தால். கிளவுஸின் விரல் நுனி மட்டும் மாட்டிக்கொண்டது. விரல் வெளியே இருந்தது. மெஷின் மேலே போனதும் கிளவுஸை எடுத்துப் பார்த்தால், நடு விரலும் மோதிர விரலும் இருக்கவேண்டிய இடம் அப்பளமாகிக் கிடந்தது.

பென்னி அதை ஷெட் முழுக்க எடுத்துப் போய்க் காட்டினான். ஸ்டோரில் சின்ன சைஸ் இருந்திருந்தால் என் கதை முடிஞ்சிருக்கும் என்று சொல்லிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு அது, எங்கள் தொழிலில் அது சகஜம். ஏஞ்சலின் மட்டும் அவன் கையிலிருந்து கிளவுஸைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீடு போய்ச் சேர்ந்தால், பிரின்சி ஒரு வெள்ளை நூலை நீட்டியிருக்கிறாள். மே மாசம் நடக்கவேண்டிய கல்யாணம், பென்னி வீட்டுக்குக் கூரை காங்கிரீட் போட்டு முடியாததால் ஆவணிக்குத் தள்ளிப்போயிருந்தது. இப்போது மோதிரம் செய்யக் கொடுக்கவேண்டும். பென்னியின் மோதிர விரலுக்கு நூலைச் சுற்றி அளவு எடுத்துவந்து கொடு என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை கையைத் தானே போய்ப் பிடிக்க அவளுக்கு வெட்கம். மெஷினில் நடந்ததை ஏஞ்சலின் அவளிடம் சொல்லவில்லை. நூலைச் சுருட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் கிளவுஸோடு நேராக பாக்கியநாதன் சார் ரூமுக்குப் போனாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். முகம் வாடிவிட்டதாம். வெள்ளிக்கிழமை கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், அது முடியட்டும், அடுத்த வாரம் கட்டாயம் நிறுத்திவிடலாம் என்றாராம். கூடவே ஒரு நல்ல சேதியும் சொன்னார். திங்கட்கிழமை புது லைன் லீடர்களை அறிவிக்கப் போகிறார்கள், அதில் அவள் பேரும் இருக்கிறது. லைன் லீடர் என்றால் சாதாரணம் இல்லை. நின்றுகொண்டே அளக்கிற வேலை போய் எட்டுப் பேரை நடத்துகிற வேலை. எங்கள் கம்பெனியில் அதுவரை எந்தப் பெண்ணையும் அதில் போட்டதில்லை. அந்த இடத்துக்காக அவள் எத்தனை வருஷமாகக் கால் கடுக்க நின்றாள் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்து என்னிடம் இதைச் சொன்னாள். நான் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கண் மட்டும் மூன்றாம் நம்பர் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அங்கே பென்னி வேறொரு பெரிய கிளவுஸைப் போட்டுக்கொண்டு வலது கையால் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தான்.

துளசிராமன் சார் அந்தந்த வாரத்து வார்த்தைகளைத் திங்கட்கிழமையே ஒட்டிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமைக்கு அவர் போட்டிருந்தது 'போஸ்ட்போன்'. தள்ளிப்போடுதல். வாரம் முழுக்க எல்லாரும் அதைப் பார்த்து பென்னியைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட்டில் கல்யாணம் தள்ளிப்போன மாப்பிள்ளை அவன் ஒருவன்தானே. அவனுக்கும் அதில் ஒரு குஷி. "எயுதுக்கா, கல்யாணத்தப் பத்தியே எயுது. நானே பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறேன்" என்று ஏஞ்சலினிடம் சொல்லிவைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் பஸ் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் பலகையைச் சுற்றி நின்றார்கள். சிரிப்புச் சத்தம்தான் இல்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சர்ச் வாசலில் வசனம் எழுதுகிற அதே எழுத்து, கொஞ்சம்கூடக் கோணாமல். அவள் எழுதியிருந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இதுதான்:

மூன்றாம் நம்பர் மெஷினின் பட்டனை ஜனவரியில் போஸ்ட்போன் செய்தார்கள். மார்ச்சில் செய்தார்கள். மே மாதம் செய்தார்கள். பென்னியின் கல்யாணத்தை போஸ்ட்போன் செய்யலாம். அவன் கையை முடியாது.

துளசிராமன் சார் அவளிடம் ஓடி வந்தார். ஆட்கள் வருகிற நாளில் இது வேண்டாமே, கல்யாணத்தைப் பற்றிய வரியை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சினார். பென்னி முகம் செத்துப்போய், "அக்கா, வுடுக்கா. எனக்கு ஒண்ணும் ஆவலயே" என்றான். லைன் லீடர் விஷயம் அவனுக்கும் தெரியும். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் மார்க்கரின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தால் இன்னா, இவளுக்கு மட்டும் ஏன் இந்த வேலை என்று நினைத்தேன். அதே சமயம் அவள் துடைத்துவிட்டால் என்னால் அவளை மன்னிக்க முடியாது என்றும் தெரிந்தது.

பாக்கியநாதன் சார் அப்போதுதான் வந்தார். வழக்கமாகப் பலகையைப் பார்க்கும்போதே சிரிப்பு வந்துவிடும் அவருக்கு. அன்றைக்கு முதல் வரியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. முழுக்கப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இன்னைக்குத்தான் எழுதணுமா, ஏஞ்சலின்?" என்று கேட்டார்.

"வார்த்த இன்னிக்குத்தான் சார் வந்துச்சி. பொய்யா இருந்தா தொடச்சிடுங்க."

கேட்டில் கார் ஹாரன் கேட்டது. பார்வையிட வருகிறவர்கள் வந்துவிட்டார்கள். பாக்கியநாதன் சார் டஸ்டரைக் கையில் எடுத்தார். ஏஞ்சலினைப் பார்த்தார், பென்னியைப் பார்த்தார். பிறகு துடைத்தார். அவசரமாக இல்லை, ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லாமல் துடைத்தார். டஸ்டரைத் தட்டில் வைத்துவிட்டு, வரதன் அண்ணனை மட்டும் கூட வரச்சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

கூட்டம் கலைந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இந்த மனுஷனைப் போய் மெச்சுகிற வார்த்தையில் எழுதினோமே, மைசர் என்றே எழுதியிருக்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன். ஏஞ்சலின் தன் டேபிளுக்குப் போனாள். கை அளந்துகொண்டிருந்தது. ஆனால் தேறாத தகட்டைத் தேறிய பக்கம் வைத்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

வந்தவர்கள் கோட்டும் ஹெல்மெட்டுமாக ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். கம்பெனியின் பெருமைக்குரிய பலகை வெறும் வெள்ளையாக நின்றது. இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். மார்க்கரில் மை தீர்ந்துவிட்டது என்று துளசிராமன் சார் சொன்னார். அவருடைய சட்டைப்பையில் மார்க்கர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் வரிசையாக ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் நான் கவனித்தேன். மூன்றாம் நம்பர் ஓடவில்லை. மெயின் சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கியது. வரதன் அண்ணன் மெஷினின் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். ஏன் நிற்கிறது என்று கேட்டதற்கு, பட்டன் மாற்றுகிறோம் என்று பாக்கியநாதன் சாரே சொன்னார். பென்னியை ஏழாம் நம்பருக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே இரண்டு பட்டனும் நன்றாக இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை லைன் லீடர் அறிவிப்பு வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்கள். போஸ்ட்போன்தான். அடுத்த மாசம் என்ன ஆகும் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ஏஞ்சலினிடம் கேட்டால், வந்தால் வரட்டும் என்கிறாள். அவள் சொல்வதை நான் நம்பவில்லை. ஆசை இல்லாமல் இருக்குமா? ஆனால் வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு நாளும் அவள் வருத்தப்பட்டதில்லை, அதை நம்புகிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கே திரும்புவோம். டீ நேரத்துக்குக் கேன்டீனுக்குப் போனால் வாசலிலேயே எண்ணெய் வாசனை. மேஜை மேல் தட்டு தட்டாகப் போண்டா. அன்றைக்கு பிஸ்கட் நாள், போண்டா நாளே இல்லை. யார் சொன்னது என்று கேன்டீன்காரரைக் கேட்டோம். மேனேஜர் சார் காலையிலேயே சொல்லிவிட்டாராம். ஷிப்ட் முழுவதற்கும் போடு, என் பேரில் எழுதிக்கொள் என்றாராம். ஏன் என்று இவர் கேட்டதற்கு, கேட்காதே, போடு என்றாராம்.

எங்களுக்கு உடனே புரியவில்லை. வரதன் அண்ணன்தான் கிரீஸ் கையோடு ஒரு போண்டாவை எடுத்து உயர்த்திப் பார்த்தார். அவர் ஏற்கெனவே இந்தத் தண்டனையைக் கட்டியவர் அல்லவா, அவருக்குத்தான் முதலில் உறைத்தது. "நெசத்தத் தொடச்சாருப்பா. அதான் போண்டா" என்றார்.

அப்புறம் கேன்டீன் கேன்டீனாக இல்லை. தட்டைத் தட்டினார்கள், கூப்பாடு போட்டார்கள். காலையில் வயிறு எரிந்து நான் சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தக்கூடாதே என்று நான் வேகமாகத் தின்ன ஆரம்பித்தேன். துளசிராமன் சாரும் வந்து, மார்க்கர் எட்டிப் பார்க்கிற அதே சட்டையோடு, இரண்டு போண்டா சாப்பிட்டார்.

ஏஞ்சலின் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தட்டில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பென்னி கைக்கொன்றாகப் போண்டாவைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒன்றை மென்றுகொண்டே அவள் முன்னால் போய் நின்றான். இடது கையில் இருந்ததை அவளிடம் நீட்டினான். அவள் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அத்தக் கீழ வைடா. கைய நீட்டு."

அவன் போண்டாவை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினான். அவள் பர்ஸைத் திறந்து பிரின்சி கொடுத்த வெள்ளை நூலை எடுத்தாள். புதன்கிழமையிலிருந்து அங்கேயே சுருட்டிக் கிடந்த நூல். மோதிர விரலைப் பிடித்து அடியில் சுற்றினாள். எதையும் அளந்து அளந்து பழகிய கைதான், ஆனால் முடிச்சு விழவில்லை. இரண்டு தரம் நழுவியது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"எண்ணெக் கையோட வந்து நிக்கிறான் பாரு. கழுவிக்கினு வரக் கூடாதா?" என்று அவனைத் திட்டிக்கொண்டே மூன்றாவது தரம் சுற்றினாள்.

பென்னி அந்த விரலை ஆடாமல் நீட்டியபடியே, இன்னொரு கையில் இருந்த போண்டாவைக் கடித்துக்கொண்டு நின்றான்.